ஒழுகாத குழாயையும் மாற்ற வேண்டும்

கோதையாறு, பேச்சிப்பாறை, கீரிப்பாறை, மணலோடை என்று குமரி மாவட்டத்து மலையோரத்தில் பழகியவர்களுக்குப் பட்டாளத்து லாரியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டிகள் கைமாறிக் கைமாறித் தெற்கே வந்து, மற்ற லாரிகள் ஏறத் தயங்கும் பாதைகளில் தடி இழுத்தன, எஸ்டேட்டுகளில் சுமை சுமந்தன. மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் அந்த உயரமும் நீண்ட மூக்கும் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வண்டிகளையும், அவற்றைக் கட்டி மேய்த்த ஒர்க்ஷாப்புகளையும் நெடுங்காலம் பார்த்து வந்ததில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. பழைய ராணுவ லாரியின் எரிபொருள் குழாய்களை ஒழுகத் தொடங்கியபின் ஒவ்வொன்றாக மாற்றுவது தவறான வழி. வண்டி கைக்கு வந்ததுமே, டாங்கியிலிருந்து பம்பு வரைக்கும், ரிட்டர்ன் லைனையும் சேர்த்து, ஒரே வேலையாக மாற்றிவிட வேண்டும். இதைச் சொன்னால் சிக்கனம் பேசுகிறவர்களும் பழமை பேசுகிறவர்களும் சேர்ந்தே மறுப்பார்கள். இருவருக்கும் பதில் உண்டு. அதற்கு முன்னால் இந்த வண்டிகளின் வயதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பட்டாளத்து லாரி என்றால் முதலில் நினைவுக்கு வருவது சக்திமான். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் 630 வகை லாரியை இந்தியாவில் செய்ய 1958-ல் ஒப்பந்தம் ஆயிற்று. வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலம் அது. 1959-ல் ஜபல்பூரின் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் முதல் வண்டிகள் உருவாயின. பிறகு அதே ஊரில் வாகனத் தொழிற்சாலை தனியாக எழுந்தது. 1965, 1971 போர்களில் படையைச் சுமந்த சக்திமானின் உற்பத்தி 1990-களின் நடுப்பகுதியோடு முடிவுக்கு வந்தது. அதன் இடத்தை அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் டாடாவின் வண்டிகளும் பிடித்தன. கூடவே நிசான் உரிமத்தில் ஜபல்பூரில் செய்த ஜோங்காவும், ஒரு டன் சுமக்கும் நிசான் வண்டியும் பெட்ரோலில் ஓடின. ஆக, இன்று ஒருவர் கைக்கு வரும் சக்திமான்களில் மிக இளையதற்கே முப்பது வயது நெருங்கிவிட்டது அல்லது கடந்துவிட்டது. எஞ்சின் பிளாக்கும் கியர் பெட்டியும் சேஸிஸும் அந்த வயதைத் தாங்கும். ரப்பர் தாங்காது. சூடும், எண்ணெயும், வெயிலும், ஓசோனும் ரப்பரை உள்ளும் புறமும் தின்கின்றன. அதற்கு ஓட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஷெட்டில் சும்மா நிற்கும் வண்டியின் ஹோஸும் கெட்டித்துப்போய் விரிசல் விடும். ஓடும் வண்டியில் டீசல் நனைத்துக்கொண்டிருந்த ரப்பர், நிற்கும் வண்டியில் காய்ந்து சுருங்கும். எனவே கிலோமீட்டர் கணக்கு குறைவு என்று சொல்லி விற்கப்படும் வண்டியை இந்த ஒரு விஷயத்தில் கூடுதலாகவே சந்தேகிக்க வேண்டும்.

ஒழுகாத குழாய் நல்ல குழாய்தான் என்பது பொதுநம்பிக்கை. டீசல் வண்டியின் அமைப்பைப் பார்த்தால் இது பாதிதான் உண்மை. டாங்கியிலிருந்து ஃபீட் பம்பு வரை உள்ள குழாயில் டீசலைத் தள்ளும் அழுத்தம் கிடையாது, இழுக்கும் வெற்றிடம்தான் உண்டு. அந்தப் பகுதியில் ஒரு விரிசல் வந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். ஆகவே தரையில் ஒரு சொட்டுகூட விழாத வண்டி, மேட்டில் மட்டும் இழுக்க மறுக்கும். கோதையாற்றுப் பாதை போன்ற ஏற்றத்தில் எஞ்சின் அதிக டீசல் கேட்கிறது, பம்பு வேகமாக இழுக்கிறது, வெற்றிடம் கூடுகிறது, சமவெளியில் அடங்கிக்கிடந்த விரிசல் அங்கே வாய் திறக்கிறது. ‘ஏர் இழுக்குது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். உடனே ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து ஏர் எடுப்பார்கள், வண்டி கிளம்பும், அடுத்த ஏற்றத்தில் மறுபடி நிற்கும். சில இடங்களில் பம்பைக் கழற்றி காலிப்ரேஷனுக்கு அனுப்புவார்கள், நாசிலை மாற்றுவார்கள், கடைசியில்தான் சேஸிஸ் ஓரமாக ஓடும் ஒரு முழ நீளக் குழாய்மேல் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சுலபமான வழி உண்டு. பம்புக்குச் சற்று முன்னால் தற்காலிகமாக ஒரு துண்டு கண்ணாடி நிற டியூபைச் செருகி எஞ்சினை ஓடவிட்டால், காற்றுக் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒழுகல் இல்லாதது நலத்துக்குச் சான்று என்றால், அந்தக் குமிழிகளுக்கு விளக்கம் சொல்ல முடியாது.

ரப்பர் விளையும் மண்ணில் இருந்துகொண்டு ரப்பர் குழாயைப் பற்றிப் பேசுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேரளமும் குமரி மாவட்டமும் சேர்ந்ததுதான் இந்தியாவின் பாரம்பரிய ரப்பர் பகுதி. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுத்த அரசு ரப்பர் தோட்டங்கள், 1984-ல் அரசு ரப்பர் கழகமாக ஆயின. பால்வெட்டும், சிரட்டையும், ஒட்டுப்பாலும், வெயிலில் தொங்கும் ஷீட்டும் இங்கே அன்றாடக் காட்சி. அதனாலேயே ‘நல்ல ரப்பர்’ என்ற ஒரு பொதுச் சொல் எல்லாவற்றுக்கும் போதும் என்ற எண்ணம் ஒர்க்ஷாப்புகளிலும் ஊறியிருக்கிறது. மரத்துப் பாலில் இருந்து வரும் இயற்கை ரப்பர் டயருக்கும் எஞ்சின் மவுண்டிங்குக்கும் இணையற்றது. பெட்ரோலும் டீசலும் பட்டால் ஊதிப் பருத்துக் கூழாகும். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பஞ்சர் ஒட்டும் சொலூஷன் என்பதே ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெயில் கரைத்த கரைசல்தான். எரிபொருள் குழாயின் உட்சுவர் செயற்கை ரப்பரால் ஆனது. 1930-களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும் என்பதாலேயே உலகெங்கும் அந்த இடத்தைப் பிடித்தது. பிரேக் ஹோஸின் கதை வேறு. பிரேக் எண்ணெயைத் தாங்கும் ரப்பர் டீசலைத் தாங்காது. டீசலைத் தாங்கும் நைட்ரைல் பிரேக் எண்ணெயில் கெடும். ஆகவே உறுதியாகவும் தடிமனாகவும் தெரிகிறது என்று பிரேக் ஹோஸையோ தண்ணீர் ஹோஸையோ வெட்டிச் செருகுவது, விரிசல் விட்ட பழைய குழாயை விட்டுவைப்பதைவிட மோசம். சைக்கிள் டியூபைக் கீறி யூனியனைச் சுற்றிக் கட்டுவதும் இந்த வகைதான். சவுக்காரம் வைத்து அடைக்கும் பழைய உபாயத்துக்காவது ஒரு நியாயம் உண்டு: சவுக்காரம் டீசலில் கரையாது. அதன் வேலை வண்டியை வீடு சேர்ப்பதோடு முடிகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

குழாய் மாறவில்லை, பழையபடியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதற்குள் ஓடும் எண்ணெய் மாறிவிட்டது. என் வாதத்தில் இதையே மிக வலுவான சான்றாகக் கருதுகிறேன். 1990-களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் ஒரு சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி, அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்கு. 2000-ல் அது 2,500 ஆனது. 2017 ஏப்ரலில் பி.எஸ்.-4 எரிபொருளோடு 50 ஆனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபோது 10 ஆனது. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில் டீசலில் உள்ள அரோமாட்டிக் பொருள்களும் குறைகின்றன. அந்தப் பொருள்கள்தான் பழைய நைட்ரைல் ரப்பரைச் சற்று ஊதவைத்து இறுக்கமாக வைத்திருந்தவை. அவை குறைந்ததும், வயதான ரப்பர் சுருங்கி, இத்தனை நாள் பிடித்திருந்த மூட்டு இளகுகிறது. 1993-ல் அமெரிக்காவில் குறைந்த கந்தக டீசல் வந்தபோது, பழைய வண்டிகளின் எரிபொருள் அமைப்புகளில் இப்படித்தான் ஒழுகல் புகார்கள் எழுந்தன. பெட்ரோல் வண்டிகளின் நிலைமை இன்னும் கடினம். இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பு 2022-ல் பத்து சதவீதத்தை எட்டியது, 2025-ல் இருபதை எட்டியது. ஜோங்காவை வடிவமைத்தவர்கள் எத்தனாலை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவும் இளக்கவும் செய்யும். ஈரத்தை இழுத்துவந்து டாங்கியின் அடியில் சேர்க்கும். டாங்கியில் ஒட்டிக்கிடந்த பழைய பிசினைக் கரைத்துக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோகும். ஆகவே ‘இத்தனை வருஷம் இந்தக் குழாய்தானே ஓடியது’ என்ற கேள்வியில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. இத்தனை வருஷம் ஓடியது வேறு எண்ணெயில்.

ரப்பரை விட்டு இரும்புக்கு வந்தால் நம் மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் இங்கே பெய்கின்றன. கடலோரத்தில் உப்புக் காற்று ஆண்டு முழுவதும். சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாயில் துரு முதலில் பிடிக்கும் இடம் கிளிப்புக்கு அடியில்தான். அங்கேதான் சேறும் ஈரமும் தங்கும், கண்ணுக்கும் எட்டாது. வெளியே பளபளவென்று இருக்கும் குழாயைக் கிளிப்பிலிருந்து விடுவித்தால் கீழே தாள் கனத்தில் நிற்பது சாதாரணம். இதற்கு மாற்றாகச் செம்புக் குழாய் போடலாம் என்பது பலருடைய யோசனை. வளைக்க எளிது, துருப்பிடிக்காது, கடையில் கிடைக்கும். ஆனால் செம்பு அதிர்வில் இறுகும், இறுகியது விரியும். ஃபிரேம் முறுக்கிக்கொண்டு மேடுபள்ளம் ஏறுவதற்கென்றே கட்டப்பட்ட லாரியில் அதிர்வுக்குக் குறைவில்லை. தவிர, செம்பு தன்னைத் தொடும் எரிபொருள் கெட்டுப் பிசினாவதை விரைவுபடுத்தும். ஜி.ஐ. குழாயும் கூடாது, அதில் பூசியிருக்கும் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சவுக்காரம் போன்ற படிவை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். உள்ளது உள்ளபடி இரும்புக் குழாயோ, செலவழிக்க முடிந்தால் செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாயோதான் சரி. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் தடித்த உயரழுத்தக் குழாய்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவை எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நீளத்தில் அளந்து செய்யப்பட்டவை. நாசில் திறக்கும் அழுத்தமே இருநூறு பார் அளவில் இருக்கும் இடத்தில் உள்ளூர்க் கைவேலைக்கு வேலை இல்லை. கெட்டால் அதே அளவுக் குழாயையே தேட வேண்டும்.

செலவு பற்றிய மறுப்பு நியாயமானது. பழைய லாரி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்கள். ஆனால் எதனோடு ஒப்பிட்டு இதைச் செலவு என்கிறோம்? சில மீட்டர் ஹோஸ், ஒரு நீளம் இரும்புக் குழாய், யூனியன்கள், பேஞ்சோ போல்ட்டுக்குப் புதிய செம்பு வாஷர்கள், ஒரு நாள் கூலி. மறுபக்கத்தில் இருப்பது இன்ஜெக்ஷன் பம்பு. அதன் பிளஞ்சருக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். உள்ளே உதிரும் ரப்பர் துகளும் துருப்பொடியும் ஃபில்டரைத் தாண்டினால் போகும் இடம் அது. கடைசலில் வைத்து அந்த இடைவெளியைத் திரும்பப் பெற முடியாது. எலிமென்ட்டையே மாற்ற வேண்டும். தீ பற்றிய கணக்கு இதற்கும் மேலே. டீசல் எளிதில் பற்றாது என்பது ஒரு தொட்டியில் நிற்கும் டீசலுக்குப் பொருந்தும். விரிசலிலிருந்து பொடித்தூறலாகச் சூடான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் மேல் தெறிக்கும் டீசலுக்குத் தீப்பொறிகூடத் தேவையில்லை. பெட்ரோல் வண்டியைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றாகக் கெடக்கெட மாற்றலாமே என்றால், ஒரே வயதுள்ள குழாய்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கெடும். ஒன்று போனது மற்றவற்றுக்கான அறிவிப்பு. ஒவ்வொரு முறையும் ஏர் எடுக்கவும் டாங்கி இறக்கவும் ஆகும் கூலியைக் கூட்டினால், தவணை முறை எப்போதும் கூடுதல் செலவாகத்தான் முடியும்.

பழமை கெடும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ராணுவ வண்டிகளைப் பேணுவோர் இப்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கூடி வருகிறார்கள். பழைய குழாயில் ராணுவப் பெயிண்ட் ஒட்டியிருப்பதைக்கூட அவர்கள் இழக்க விரும்புவதில்லை. ஆனால் ஒரு பொருளில் எது பழையதாக இருக்க வேண்டும், எது புதியதாக இருக்க வேண்டும் என்ற பகுப்பு நமக்குப் புதிதல்ல. சுசீந்திரம் தேரின் மரமும் சிற்பமும் பழையவையாக இருப்பதில் பெருமை. வடம் பழையதாக இருப்பதில் ஒருவரும் பெருமை கொள்வதில்லை. சட்டமும் இதே பகுப்பைத்தான் செய்கிறது. 2021-ல் ஒன்றிய அரசு திருத்திய மோட்டார் வாகன விதி, ஐம்பது ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டு வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய இடமளிக்கிறது. சேஸிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது அதன் நிபந்தனை. லாரிகள் அந்த விதியின் வரம்பில் வருவதில்லை. ஆனாலும் எது மாறினால் வண்டி தன் அடையாளத்தை இழக்கும் என்பதற்கு அது தரும் அளவுகோல் தெளிவானது, அதில் எரிபொருள் குழாய்க்கு இடமில்லை. பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்ற டூரின் சாசனமும், ஓட்டப் பாதுகாப்புக்குத் தேவையான மாற்றங்கள் குறைவாகவும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்ற திசையில்தான் பேசுகிறது. குழாயைப் போல எளிதில் திரும்ப மாற்றக்கூடியது வண்டியில் வேறு என்ன இருக்கிறது?

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வேன். ராணுவ வண்டியின் அடையாளமே பாகம் மாற்றுவதில்தான் இருக்கிறது. போர்முனையில் ஒரு வண்டியின் பாகத்தை இன்னொன்றில் போட்டு ஓட்ட வேண்டும் என்பதற்காகத்தான் படை ஒரே வகை வண்டியை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது. லாக் புக்கும், மெயின்டனன்ஸ் பரேடும், கெடுவதற்கு முன் நாள் கணக்கில் மாற்றும் ஒழுங்கும் அந்த வண்டியோடு பிறந்தவை. நாஞ்சில் நாட்டில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் இல்லாத ஊர் குறைவு. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் கைதேர்ந்து வந்து, ஊரில் ஸ்பேனர் பிடித்தவர்களிடம் நான் கண்ட பொதுக்குணம் இந்த நாள் கணக்குதான். ‘ஓடுதுல்லா, கெடக்கட்டும்’ என்ற சிவிலியன் பேச்சு அவர்களுக்கு ஆகாது. அந்த ஒழுங்கு வண்டியோடு ஏலத்தில் வந்து சேர்வதில்லை. இரும்பை வாங்கிக்கொண்டு பழக்கத்தை விட்டுவிடுகிறோம். அசல் நிலையில் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பழக்கத்தையும் சேர்த்து வைத்திருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். முப்பது வருஷத்து ஹோஸோடு ஒரு சக்திமானை எந்த ராணுவ யூனிட்டும் ரோட்டில் இறக்கியிருக்காது.

கடைசியாக ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. எனக்கு அதுவே கடினமானது. பழைய சரக்கு தரமானது, இன்று கடையில் கிடைப்பதில் பாதி டூப்ளிகேட், மாற்றப்போய் இருந்ததையும் கெடுத்துக்கொள்வானேன் என்பது அது. டூப்ளிகேட் இருப்பது உண்மை. அதற்கு விடை மாற்றாமல் இருப்பதில் இல்லை, பார்த்து வாங்குவதில் இருக்கிறது. எரிபொருளுக்கென்று செய்த ஹோஸின் மேல் தரக்குறியும் தயாரித்த காலமும் அச்சிட்டிருக்கும். எழுத்தே இல்லாத கருப்புக் குழாயை விலை பார்த்து வாங்கக் கூடாது. டீசலுக்கு நல்ல நைட்ரைல் போதும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஃபுளூரோ ரப்பர் உட்சுவர் கொண்ட ஹோஸ் வேண்டும், விலை கூடினாலும். ஹைட்ராலிக் ஹோஸ் முனை அழுத்தித் தரும் கடைகளில் கிடைப்பது டீசலுக்கு உதவலாம். பெட்ரோல் ஜோங்காவுக்கு அதை நம்ப முடியாது. வேலையிலும் ஒழுங்கு வேண்டும். பழைய குழாயைத் தூக்கி எறியாமல் வளைவுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டு புதியதை வளைக்க வேண்டும். டாங்கியை இறக்கிக் கழுவாமல் புதுக் குழாய் பூட்டினால் பழைய துரு புதுக் குழாயில் ஓடும். குழாய் சேஸிஸ் ஓட்டையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். வாஷரை மறுபடி பயன்படுத்தும் சிக்கனம் வேண்டாம். கழற்றிய பழைய குழாய்களைச் சீட்டு எழுதிக் கட்டி வைத்தால், பழமை பேசுகிறவருக்கும் குறையில்லை; நாளை யாராவது சரியான அமைப்பு எது என்று கேட்டால் காட்ட ஒரு சான்று இருக்கும்.

இந்த வாதம் ஒரு லாரியோடு நிற்பதில்லை. ஒரு பொருள் கெட்டபின் சரிசெய்வதைக் கைத்திறன் என்று கொண்டாடுகிறோம். நடுக்காட்டில் சவுக்காரத்தால் டாங்கியை அடைத்து வண்டியைக் கொண்டுவந்த டிரைவரின் பெயர் ஊரில் நிற்கிறது. அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு வேலை வராதபடி, ஒழுகாத குழாயை உரிய காலத்தில் கழற்றிவிட்டுப் புதிய குழாயின் தேதியை லாக் புக்கில் எழுதிவைத்தவருக்குக் கதை கிடையாது. அவர் வண்டியில் ஒன்றும் நடப்பதில்லை. பட்டாளத்து லாரியை அன்போடு வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது அந்த இரண்டாவது ஆளாக இருக்கச் சொல்லித்தான். லாக் புக்கில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு வரி எழுதினால் போதும். அதைச் செய்யாமல் பெயிண்டுக்கும் பம்பர் எண்ணுக்கும் மட்டும் செலவழிப்பவர் பேணுவது லாரியின் படத்தை, லாரியை அல்ல.